ஒங்க புள்ள ரொம்பக் குடிக்கு

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தபோது, வைக்கப்போகிற நேரத்தில் ஒன்று கேட்டாய். "ஏம்ப்பா, பெட்ரோல் பங்க்ல வண்டிய நிப்பாட்டும்போதெல்லாம் வடிவு தனக்குள்ள சிரிக்கா. என்னட்டின்னு கேட்டா, ஒங்க அப்பாட்ட கேளுங்கங்கா. என்ன விசயம்?" நான், "லைன் கரகரங்குலே, பெறவு பேசுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைனில் ஒரு கரகரப்பும் இல்லை. பக்கத்தில் நின்ற உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "புள்ளைட்ட சொல்லித்தான் தொலைங்களேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். கல்யாணம் முடிந்து நீயும் வடிவும் ஓசூருக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அந்தப் பெண் மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டு, சிரிப்பை மட்டும் அடக்க முடியாமல் இருக்கிறாள். அவளை இனியும் சோதிப்பது நியாயம் இல்லை.

முப்பத்தொரு வருஷம் ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்களிடம் விளக்கம் கேட்டு மெமோ எழுதியவன் நான். நானே விளக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. வளவளவென்று இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உன் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒன்பது நாள், நீ குடிகாரன் என்று நான் நம்பினேன். நம்பினதோடு நிற்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறிப் போய், உனக்குப் பெண் கொடுக்க இருந்தவர்களிடமே அதைச் சொல்லியும்விட்டேன். கல்யாணம் நின்றே போயிருக்கும். இதெல்லாம் உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்ததெல்லாம், கார் கெட்டுப்போனது, புகைக்குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள், சரியாகிவிட்டது என்பது மட்டும்தான்.

அந்தக் காரை நீ வாங்கினபோது பாளையங்கோட்டையில் அந்த மாதிரி வண்டி நாலைந்துகூட இருந்திருக்காது. மெட்ராஸ்காரர் ஒருவர் வைத்திருந்து விற்றது. கார்புரேட்டர் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நீ சொன்னபோது, அந்தக் கம்ப்யூட்டர் டி.வி. மாதிரி எங்கேயாவது இருக்கும் என்று நான் சீட்டுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தேன். காற்றாலைக் கம்பெனி வேலைக்கு நீ வாரக்கணக்கில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்த் தங்குவாய். சில சமயம் கம்பெனி ஜீப்பில் போவாய், அந்த வாரங்களில் கார் என் கையில். ஐம்பத்தாறு வயதில் கார் ஓட்டப் படித்தவனுடைய பவிசு உனக்குத் தெரியும். தெருமுனைக் கடைக்குப் போய்ப் பாக்கு வாங்கக்கூட நான் காரை எடுத்தேன். அப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. பிறகு வண்டி காலையில் கிளம்ப மறுத்தது, கிளம்பினால் கரும்புகை விட்டது, பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் எல்லாம் நம் வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டினார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் நீ காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். நீ காரோடு சைட்டுக்குப் போகிறாய் என்று நான் நினைத்தேன். நீயோ முருகன்குறிச்சியில் மெக்கானிக் இசக்கியின் ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு, அங்கிருந்தே கம்பெனி ஜீப்பில் ஏறிப் போய்விட்டாய். பார்த்து முடித்ததும் என் ஆபீசுக்குப் போன் போடச் சொல்லி இசக்கியிடம் நம்பர் கொடுத்திருக்கிறாய். என்னிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டாய். இதை உன்மேல் குற்றமாக எழுதவில்லை. ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் பங்கு உனக்கும் உண்டு, அதையும் நீ ஒத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. இசக்கி என்று ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போது தெரியாது. நம் ஸ்கூட்டரை நான் வேறு ஆளிடம் விடுகிறவன்.

"அண்ணாச்சியா? நான் முருகன்குறிச்சி இசக்கி பேசுதேன். ஒங்க புள்ளையப் பத்தித்தான்."

"எம் புள்ளைக்கு என்னவே?"

"மறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒங்க புள்ள ரொம்பக் குடிக்கு."

பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று ரிசீவரைக் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"எத்தன நாளா இப்படின்னு தெரியல. காலையில எழும்பவே மாட்டேங்கு. நாலு பேரு சேந்து தள்ளித்தான் எழுப்புனோம். எழும்பினா குப்புன்னு வாடை அடிக்கு. கருப்பு கருப்பா கக்குது. உள்ளயெல்லாம் கரி புடிச்சுப் போயிட்டு."

"யாரும் பாத்தாங்களா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ரோட்டுல வச்சுத்தான நடக்கு, எல்லாரும் பாக்கத்தான் செய்யுதாவ. நீங்க கவலப்படாதீங்க. மேலப்பாளையத்துல காஜான்னு ஒரு ஆளு இருக்காரு. துபாய்ல பன்னெண்டு வருசம் இதே சோலிதான். அவருட்ட ஒரு நட கூட்டிட்டுப் போய்க் காமிப்போம். ஆக்சிஜன் சமாச்சாரமா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

ஆக்சிஜனா? மூச்சுக்கு ஆக்சிஜன் வைக்கிற அளவுக்கு முற்றிவிட்டதா? துபாயில் குடிக்க விடமாட்டார்கள், அதனால் குடியை மறக்கடிக்கிற வைத்தியம் அங்கே இருக்கத்தானே செய்யும் என்று வேறு நானே முடித்துக்கொண்டேன். "யாருட்டயும் சொல்லாதீரும்வே" என்று கெஞ்சிவிட்டு வைத்தேன். அந்த மனுஷன் பேசிய பேச்சில் கார் என்ற சொல்லே இல்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். நம்ம பக்கத்தில் பிள்ளை வருது, பிள்ளை சாப்பிடுது என்றுதான் பெற்ற பிள்ளையையும் சொல்கிறோம். 'குடிக்கு' என்றால் நான் வேறு யாரை நினைப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை நீ மூன்று மணி நேரம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனாய், ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி ஜீப்பில் வந்து இறங்கினாய். காரைக் காணோம். குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள் போல என்று நினைத்தேன். கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தது. அங்கே அடிக்கிற காற்றும் மண்ணும் யாருடைய கண்ணையும் விட்டுவைக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வந்ததும் வராததுமாகக் குளிக்கப் போனாய், வாடையைக் கழுவுகிறான் என்றேன். சாப்பிட்டுவிட்டு ஏலக்காய் கேட்டாய், வாடையை மறைக்கிறான் என்றேன். கொடியில் கிடந்த உன் சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். வியர்வை வாடைதான் அடித்தது. அதற்கும், சாமர்த்தியக்காரன், சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். "அப்பா ஏன் உம்முன்னு இருக்கு?" என்று நீ அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏலே, குடிக்கியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இல்லப்பா என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். கேட்கப் பயம். ஆமா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

என் பயத்துக்குக் காரணம் உன் பெரியப்பா. என் அண்ணன். நீ அவரைப் பார்த்ததில்லை, நீ பிறக்கும் முன்பே ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், அது பொய். அவருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தபோது எனக்கு இருபது வயது. பெண்ணுடைய அப்பா என்னைத் தனியாக வாய்க்கால் பக்கம் கூட்டிக்கொண்டு போய், "தம்பி, நீங்க சின்னப்பையன், பொய் சொல்ல மாட்டிய. ஒங்க அண்ணனுக்குப் பழக்கவழக்கம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். முந்தின நாள்கூட அண்ணனை ஆற்றங்கரையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவன் நான். "ஒண்ணும் கிடையாது மாமா" என்றேன். கல்யாணம் முடிந்தால் திருந்திவிடுவான் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், நானும் அதை நம்பிக்கொண்டேன். நம் வீட்டுப் பின்கட்டில் கடைசி வரைக்கும் இருந்தாளே உன் பெரியம்மா, அவள்தான் அந்தப் பெண். அவள் பட்ட அடியெல்லாம் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் வந்தது. அவள் ஒருநாளும் என்னை அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

வடிவு வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். அவள் அக்கா கோமதி ஒரு குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டு, நாலு வருஷத்தில் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். அதனால் உன் மாமனார் சார்வாள், அத்தனை வருஷம் வாத்தியாராக இருந்த மனுஷர், நம்மிடம் நகை, சீர் எதைப் பற்றியும் பேசவில்லை. "மாப்ள குடிக்கக் கூடாது, அவ்வளவுதான் அண்ணாச்சி" என்றார். நான் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "எம் மவனா? அதுக்கு நான் ஜவாப்தாரி" என்று சொல்லியிருந்தேன். இப்போது என்ன செய்வேன், சொல்லு. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இன்னொரு பெண்ணையும் நான் கிணற்றில் தள்ளினவன் ஆவேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், ஆபீசுக்குப் போகிற மாதிரி கிளம்பி ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறினேன்.

சார்வாள் வாழைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். "சார்வாள், எம் மவன் குடிக்கான். எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. ஒங்களுக்கு வாக்கு குடுத்தவன் நான், அதனால நானே வந்து சொல்லுதேன்" என்றேன். அவர் கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார். உள்வாசல்படியில் வடிவு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. கோமதி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். "சொன்னதுக்கு ரொம்ப நன்றி அண்ணாச்சி. இது இதோட நிக்கட்டும்" என்றார் சார்வாள். அவ்வளவுதான், கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர், யாரும் இறந்துவிட்டார்களா, துட்டி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை காலையில் இசக்கியிடமிருந்து திரும்பவும் போன். "அண்ணாச்சி, காஜா பாத்துட்டாரு. என்ன நோக்காடுன்னு கண்டுபிடிச்சாச்சு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, புள்ள மேலப்பாளையத்துலதான் நிக்கி." நீ ஆரல்வாய்மொழியில் இல்லாமல் மேலப்பாளையத்தில் எப்படி நிற்கிறாய் என்று நான் யோசிக்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவுக்குள் போய், ஒரு ஷெட் முன்னால் இறக்கிவிட்டான். அங்கே நம் கார் பானெட்டைத் திறந்து போட்டபடி நின்றது. சாய்ந்த தோளோடு எண்ணெய்ச் சட்டை போட்ட ஒருவர் வந்து கும்பிட்டார். இசக்கி.

"எம் மவன எங்கவே?" என்றேன்.

"மவனா? தம்பி சைட்டுக்குல்லா போயிருக்காப்ல."

"புள்ள இங்கன நிக்குன்னு சொன்னீரே?"

"இந்தா நிக்கில்லா" என்று காரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "குடிக்குன்னு சொன்னது?" என்றேன். "இதத்தான் அண்ணாச்சி. பெட்ரோல அண்டா அண்டாவா குடிக்கு." "காலையில எழும்ப மாட்டேங்குன்னது?" "ஸ்டார்ட்டே ஆவல்லா?" நான் அப்படியே பக்கத்தில் கிடந்த லாரி டயரில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. காஜா ஓடிப்போய் ஒரு கோலி சோடா உடைத்துக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அல்லாவே! அண்ணாச்சி, இந்தாளு லாரியக்கூட புள்ளன்னுதான் சொல்லுவாரு. நீங்க மொதல்லயே எங்கிட்ட கேட்டிருக்கப்படாதா?" இசக்கி முகம் சுண்டிப்போய் நின்றார். "வீட்டுல புள்ள கிடையாது அண்ணாச்சி. செட்டுக்கு வாரதெல்லாம் புள்ளன்னு சொல்லியே பழகிட்டு" என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்று எழுந்தவன், கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகன் குடிக்கவில்லை. அந்தத் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பிறகுதான் காரைப் பற்றிக் காதில் வாங்கினேன். இசக்கி பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறார், கரி அப்பிக் கிடந்தது. புது பிளக் போட்டார், இரண்டே நாளில் அதுவும் கரி. காற்று வடிகட்டியை மாற்றினார். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஒரு திருகாணியைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்துவிடுவார், இதில் அந்தத் திருகாணியே இல்லை. அதனால்தான் காஜாவிடம் கொண்டுவந்தார். காஜா புகைக்குழாயிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சாமானைக் கழற்றி வைத்திருந்தார். "இது வண்டியோட மூக்கு அண்ணாச்சி. புகையில ஆக்சிஜன் எம்புட்டு மிச்சம் இருக்குன்னு மோந்து பாத்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மிச்சம் நெறைய இருந்தா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம், கம்ப்யூட்டரு கூட ஊத்தும். இந்த மூக்கு மவுத்தாயிட்டு, செத்துட்டு. எப்பப் பாத்தாலும் பத்தல, பத்தலங்கு. கம்ப்யூட்டரு பாவம், நம்பி ஊத்திக்கிட்டே இருக்கு." அதன் நுனியைக் காட்டினார். வெளுப்பாக ஒரு பூச்சு. "ஈயம். ஈயம் இல்லாத பெட்ரோல்தான் இதுக்கு ஊத்தணும். யாரோ சாதாப் பெட்ரோல ஊத்தியிருக்காவ. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல."

சோடா பாட்டிலைக் கீழே வைத்தேன். ஈயம் இல்லாத பெட்ரோல் வண்ணார்பேட்டையில் ஒரே ஒரு பங்கில்தான் கிடைக்கும், அதைத்தான் போட வேண்டும் என்று நீ எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். எனக்கு அது ஏதோ ஏமாற்று வேலையாகப் பட்டது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினால்தானே நல்லது? ரசம் ஈயச் சொம்பில் வைத்தால்தானே ருசி? ஈயம் இல்லாததைப் போய் எவனாவது தேடி வாங்குவானா என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் ஸ்கூட்டருக்குப் போடுகிற பங்கிலேயே காருக்கும் போட்டேன். அங்கே குழாய் தடிமன், காரின் வாய் சின்னது, நுழையவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். "புனல வச்சு ஊத்தும்வே" என்றேன். ஏழெட்டு மாதம் புனல் வைத்து ஊற்றினேன். "யாரு ஊத்தியிருப்பா அண்ணாச்சி?" என்று காஜா கேட்டபோது, "தெரியலயே" என்றேன். "தம்பிதான் அவசரத்துல போட்டிருப்பாப்ல" என்றார் இசக்கி. நான் மறுக்கவில்லை. நீ குடிகாரன் இல்லை என்று தெரிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் இன்னொரு பழியை உன் தலையில் ஏற்றிவிட்டுச் சும்மா நின்றேன்.

அதைவிடப் பெரிய காரியம் ஸ்ரீவைகுண்டத்தில் கிடந்தது. வெறும் வாயால் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? செவ்வாய்க்கிழமை குடிக்கிறான் என்றவன், வியாழக்கிழமை இல்லை, கார்தான் குடிக்கிறது என்று வந்து நின்றால், அப்பன் மனம் மாறி மகனை மூடிமறைக்கிறான் என்றுதானே நினைப்பார்கள்? நான் காஜாவின் கையைப் பிடித்தேன். "அந்த மூக்கத் திரும்ப மாட்டும். ஒம்ம வோல்ட் மீட்டரையும் எடுத்துக்கிடும். எம் மவன் கல்யாணம் ஒம்ம கையிலதான் இருக்கு." மூன்று பேரும் காரில் ஏறினோம். இசக்கி ஓட்டினார். வழி நெடுகக் கரும்புகை. முந்தாநாள் அழுதுகொண்டு வந்த அதே ரோட்டில், பின்னால் ஹாரன் அடித்துத் திட்டுகிறவர்களை எல்லாம் பார்த்து நான் சிரித்துக்கொண்டு போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். புகையைப் பார்த்து அக்கம்பக்கத்தார் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். சார்வாள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். இசக்கி தன் வாயாலேயே, போனில் பேசினதை வார்த்தை மாறாமல் சொல்லிக் காட்டினார். சார்வாள் ஒரு சிரிப்பும் சிரிக்கவில்லை. வடிவுதான் படியை விட்டு இறங்கி வந்தாள். "மீட்டர் இருக்கா? காட்டுங்க" என்றாள். அவள் இயற்பியல் படித்தவள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. காஜா இரண்டு கம்பிகளையும் பொருத்தி மீட்டரை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். "இஞ்சின் நல்லா சூடா இருக்கும்மா. இப்ப முள்ளு அரை வோல்ட்டுக்கு மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கணும். என்ன செய்யுது?" "அடியிலேயே கிடக்கு" என்றாள். "அது மூக்கு செத்ததாலயா, இல்ல நெசமாவே பெட்ரோல் பத்தாமலான்னு தெரியணும்லா? இப்பப் பாருங்க." காற்று போகிற வாயை ஒரு துணியால் முக்கால்வாசி அடைத்தார். புகை இன்னும் கருத்தது, இஞ்சின் திணறியது. "இப்பப் பெட்ரோலு மூச்சு முட்ட போவுது. முள்ளு மேல ஏறியிருக்கணும்." "அசையல" என்றாள் வடிவு. கடைசியாக மூக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். "இப்ப கம்ப்யூட்டரு இது பேச்சக் கேக்காது. தன் கணக்குக்கு ஊத்தும்." கொஞ்ச நேரத்தில் புகை வெளுத்தது, இஞ்சின் சத்தம் சீரானது. வடிவு மீட்டரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சரி மாமா, குடிச்சது காருதான். இதுக்குக் கண்ட பெட்ரோலையும் ஊத்திக் குடுத்தது யாரு?"

இசக்கி வாயைத் திறந்தார். உன் பெயர்தான் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். "நான்தாம்மா" என்றேன். ஈயச் சொம்பு, புனல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தாவணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பார், மூன்று மாதமாக நீ பார்க்கிற சிரிப்பு அதுதான். காஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

சார்வாள் மட்டும் சிரிக்கவில்லை. "காரு விசயம் தெளிஞ்சுட்டு அண்ணாச்சி. எனக்கு ஒண்ணு மட்டும் தெளியல. யாரோ முகந்தெரியாத ஆளு போன்ல சொன்னாம்னு, பெத்த புள்ளய ஒரு வார்த்த கேக்காம நீங்க நம்பிட்டீங்க. அப்படி நம்பும்படியா ஏதோ ஒண்ணு இருக்கப்போய்த்தான நம்புனீங்க? அது என்னது?" என்றார். ஆசிரியர் அல்லவா, சரியான இடத்தில் கைவைத்தார். அங்கே அத்தனை பேர் முன்னால் வைத்து, என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். வாய்க்கால் கரையில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். உன் அம்மாவிடம்கூட அதுவரை சொல்லாதது அது. "எம் மவன்ட்ட ஒரு குறையும் இல்ல சார்வாள். குறை எங்கிட்டதான். இன்னொரு தடவ அப்படி ஒரு பொய்யச் சொல்லிருவேனோன்னு பயந்துதான் ஓடி வந்தேன்" என்றேன். சார்வாள் கரி படிந்த புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். குடிகாரன் இருந்த குடும்பம் என்று ஆகிவிட்டது, இனி தரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. உனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க வந்து, குடும்பத்துப் பெயரையே கெடுத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கோமதி வெளியே வந்தாள். அவள் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு வெளியாட்கள் முன்னால் வந்து நிற்கிறதே இல்லை என்று சார்வாள் ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துப் பேசினாள். "எனக்குப் பேசும்போது அவங்க வீட்டுல பதினோரு பேரு வந்தாங்கப்பா. அத்தன பேருக்கும் தெரியும். ஒருத்தர்கூட சொல்லல. இவங்க, பெத்த மவன் குடிக்கான்னு நெனச்சு, அவன் கல்யாணம் நின்னு போவும்னு தெரிஞ்சே, பஸ்ஸு புடிச்சு வந்து சொல்லிட்டுப் போனாங்க. வடிவ இந்த வீட்டுக்கே குடுங்க."

சார்வாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். வெற்றிலைத் தட்டோடு திரும்பி வந்தார். "சாப்ட்டுட்டுப் போங்க சம்பந்தி" என்றார். சம்பந்தி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. இலை போட்டபோது கோமதிதான் பரிமாறினாள். நான் ஒன்பது நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். கிளம்பும்போது வடிவு, "மாமா, இத நான் அவங்கட்ட சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவன், இத்தனை நாள் இழுத்தடித்துவிட்டேன்.

உன் குணத்தைப் பார்த்துத்தான் அவர்கள் பெண் கொடுத்தார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நினைத்துக்கொள், அதிலும் தப்பில்லை. ஆனால் நீ வீட்டுக்கு வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா உனக்கு ஏலக்காய் எடுத்துக் கொடுத்தபோது, நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது, அந்த இரண்டடி தாண்டி வந்து உன்னைக் கேட்க இல்லை. அதற்கு என்னை மன்னித்துவிடு ராசா.

ஆசிகளோடும், மனம் நிறைந்த நிம்மதியோடும்,
உன் அப்பா